கை தூக்கினால் போதுமா?



இந்த மாதச் சுவர் இதழுக்கு "மக்களாட்சி வளர்ந்த கதை" என்று எனக்குத் தலைப்பு கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தைப் பார்த்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். ஆபிரகாம் லிங்கன் 1863-ல் சொன்ன வாக்கியத்தில் ஆரம்பித்து அழகாகத்தான் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போன மாதம் எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் எழுதினால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

எங்கள் வகுப்பில் கிளாஸ் லீடர் தேர்தல் நடந்தது. இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி என் பெஞ்சுத் தோழி. "உனக்குத்தான்டி என் ஓட்டு" என்று முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் டீச்சர் வந்து, "இவனுக்கு ஆதரவு இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். முன்னால் நாலு கை, பின்னால் பத்து கை, அப்புறம் மளமளவென்று எல்லாக் கையும் மேலே போயிற்று. பின் பெஞ்சிலிருந்து யார் யார் தூக்கவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நானும் தூக்கிவிட்டேன். அடுத்து என் தோழியின் பெயரைச் சொன்னபோது நாலே நாலு கை. அந்த நாலில் என் கை இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயித்த லீடர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நன்றாகவே பார்த்துக்கொள்கிறான். எனக்கு வந்த சந்தேகம் வேறு. எங்கள் வகுப்பில் நடந்தது மக்களாட்சியா? பெரும்பான்மை இருந்தது, எண்ணிக்கை சரியாக இருந்தது, யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு என் ஓட்டாக இல்லை. இந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேடியபோது, 2500 வருடமாக உலகம் முழுவதும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன். சார்ட் பேப்பர் இரண்டு ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிரேக்க நாட்டு ஏதென்ஸ். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் என்பவர் செய்த சீர்திருத்தங்களிலிருந்து அங்கே மக்களாட்சி தொடங்கியதாகச் சொல்வார்கள். நிக்ஸ் என்ற குன்றின் மேல் குடிமக்கள் கூடுவார்கள். முக்கியமான சில முடிவுகளுக்கு 6000 பேராவது வந்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். செருப்புத் தைப்பவரும் கப்பல் முதலாளியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து போர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். 500 பேர் கொண்ட ஆட்சிக் குழுவைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் அதில் இருக்க முடியாது. ராஜாக்கள் காலத்தில் இப்படி யோசித்ததே பெரிய விஷயம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அங்கே இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் குன்றுக்குக் கீழேதான் நின்றிருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் எப்படி ஓட்டுப் போட்டார்கள் தெரியுமா? கையைத் தூக்கித்தான். எங்கள் வகுப்பு மாதிரியே.

கி.மு. 427-ல் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏதென்ஸின் கீழ் இருந்த மிட்டிலின் என்ற தீவு நகரம் கலகம் செய்தது. கலகத்தை அடக்கிய பிறகு, அந்த ஊரை என்ன செய்வது என்று ஏதென்ஸில் கூட்டம் நடந்தது. எல்லாரும் கடும் கோபத்தில் இருந்தார்கள். கிளியோன் என்ற பேச்சாளர் அதற்கு இன்னும் நெய் ஊற்றினார். வயது வந்த ஆண்கள் எல்லாரையும் கொன்றுவிடுவது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்பது என்று முடிவாகி, உத்தரவோடு அன்றே ஒரு கப்பல் புறப்பட்டது.

மறுநாள் காலையில் ஊருக்கே மனசு கேட்கவில்லை. தப்புச் செய்யாதவனையும் சேர்த்தா கொல்வது என்று பேசிக்கொண்டார்கள். மறுபடியும் கூட்டம் போட்டார்கள். டயோடோட்டஸ் என்பவர் கொல்லக் கூடாது என்று வாதாடினார். மறுபடியும் கைகள். ஏறக்குறைய சரிசமம். மயிரிழையில் கொல்ல வேண்டாம் என்ற பக்கம் ஜெயித்தது. உடனே இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். முதல் கப்பல் கிட்டத்தட்ட ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போய்விட்டது. இரண்டாவது கப்பலில் துடுப்புப் போட்டவர்கள் உட்கார்ந்து சாப்பிடவில்லை. திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் தின்றுகொண்டே துடுப்பை இழுத்தார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பல்காரர்களும் செய்யப்போகும் காரியம் பிடிக்காமல் மெதுவாகத்தான் போனார்களாம். அங்கே தளபதி உத்தரவைப் படித்து முடித்த நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைக்குள் வந்துவிட்டது. ஊர் பிழைத்தது. ஆனால் கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று பிடிபட்டவர்களைக் கொன்றார்கள். இதை எழுதி வைத்தவர் துசிடிடிஸ் என்ற வரலாற்று ஆசிரியர். அதே காலத்தில் வாழ்ந்தவர்.

முதல் நாள் அவசர அவசரமாகக் கையைத் தூக்கியது மக்களாட்சியின் பலவீனம். ஒரு ராஜாவும் கோபத்தில் அப்படி உத்தரவு போட்டிருக்கலாம். ஆனால் மறுநாளே "நேற்று நாம் செய்தது தப்பு" என்று ஊர் கூடிச் சொல்ல முடிந்ததே, அது பலம். இரண்டும் ஒரே ஊரில், அதே ஜனங்களிடம் இருந்தன.

இரண்டாவது கப்பல் எல்லாத் தடவையும் போய்ச் சேரவில்லை. கி.மு. 406-ல் கடற்போரில் ஜெயித்து வந்த தளபதிகளை, கடலில் தத்தளித்த சொந்த வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று குற்றம் சாட்டி, தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே ஓட்டில் தண்டித்தார்கள். ஆறு பேரைக் கொன்றுவிட்டார்கள். இது சட்டத்துக்கு விரோதம் என்று மறுத்தவர் சாக்ரடீஸ். கூட்டம் கேட்கவில்லை. பிற்பாடு ஏதென்ஸ் ஜனங்கள் அதற்காக வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டு என்ன பயன்? சாக்ரடீஸுக்கே கி.மு. 399-ல் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் அந்த ஊரில் உண்டு. நாம் பாண்டி விளையாடுவோமே ஓட்டாஞ்சில்லு, அதில் ஓட்டுப் போட்டார்கள். யாராவது ஒருவர் அளவுக்கு மீறி வளர்ந்து ஊருக்கு ஆபத்தாகிவிடுவார் என்று பயம் வந்தால், அவர் பெயரை உடைந்த பானைச் சில்லில் கீறிப் போடலாம். மொத்தம் 6000 சில்லாவது விழுந்திருந்தால், அதிகச் சில்லு வாங்கியவர் பத்து வருடம் ஊரைவிட்டுப் போக வேண்டும். சொத்தைப் பறிக்க மாட்டார்கள். (ஓட்டு என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது, ஓட்டாஞ்சில்லிலிருந்து வரவில்லை. எனக்கே முதலில் சந்தேகம் வந்தது, தமிழ் ஐயாவிடம் கேட்டுவிட்டேன்.)

1930-களில் தொல்லியல் ஆய்வாளர்கள் ஏதென்ஸ் கோட்டைக் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து சுமார் 190 சில்லுகளை எடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர், தெமிஸ்டாக்ளிஸ். கி.மு. 480-ல் பாரசீகக் கடற்படையிடமிருந்து அந்த ஊரையே காப்பாற்றியவர் அவர். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், எழுதியவர்கள் வெறும் 14 பேர்! மொத்தமாக எழுதி வைத்து, எழுதத் தெரியாதவர்கள் கையில் கொடுக்கத் தயார் செய்தது போலத் தெரிகிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 2400 வருடம் கழித்துக் கையெழுத்தால் மாட்டிக்கொண்டார்கள். நம் சுவர் இதழில் பெயர் போடாமல் எழுதினாலும் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுகிறீர்களே, அந்த மாதிரி.

ஆனால் அதே ஏதென்ஸ்காரர்கள் நீதிமன்றத்தில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஒவ்வொரு நீதிபதிக்கும் இரண்டு வெண்கல வில்லைகள் கொடுப்பார்கள். நடுவில் அச்சு வைத்த சின்னச் சக்கரம் மாதிரி இருக்கும். ஒன்றின் அச்சில் துளை உண்டு, இன்னொன்றில் துளை கிடையாது. ஒன்று குற்றம் சாட்டியவருக்கு, மற்றது எதிராளிக்கு. அச்சின் இரு முனையையும் விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டால் எது என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. பெரிய கூட்டத்தில் ஒருவன் பயப்படுவான் என்பதை யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார், அதற்கு ஒரு பொருளையும் செய்திருக்கிறார். கி.மு. 322-ல் மாசிடோனியர்கள் அந்த மக்களாட்சியை முடித்து வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு சாட்சி இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை முறை என்று எல்லாரும் பாடத்தில் படித்திருக்கிறோம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்து மாற்றிவிடக் கூடாதே! ஏற்கெனவே பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய உறவினர்களும் வரக் கூடாது. இந்த விதி இன்றைக்கு இருந்தால் எத்தனை பேர் தேறுவார்களோ.

ஆனால் இதை "உலகத்துக்கே மக்களாட்சியைச் சொல்லிக் கொடுத்தோம்" என்று பேச்சுப் போட்டியில் முழங்குவது கொஞ்சம் அதிகம். அது பிராமணர்களின் ஊர்ச் சபை. சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேலும், வேதப் படிப்பும் இருக்க வேண்டும். வயது 35 முதல் 70 வரை. பெண்களுக்கும் நிலம் இல்லாதவர்களுக்கும் பெயர் ஓலையில் ஏற வழியில்லை. யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவும் இல்லை, அது குலுக்கல். அதில் நான் மெச்சுவது அந்த விரித்த ஐந்து விரலைத்தான். ஓட்டுப் போடுகிறவன் கை மறைவாக இருக்கட்டும், எண்ணுகிறவன் கை மட்டும் எல்லாரும் பார்க்கும்படி விரிந்திருக்க வேண்டும்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். பாராளுமன்றத்தின் தாய் என்று சொல்லப்படும் நாடு. அங்கே 1872 வரைக்கும் ஓட்டுப் பகிரங்கமாகத்தான் போட வேண்டும் என்றால் நம்புவீர்களா? மேடையில் ஏறி யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். பல ஊர்களில் அந்தப் புத்தகத்தை அச்சடித்தே விற்றார்கள். பண்ணையார் வாங்கிப் பார்த்தால் எந்தக் குத்தகைக்காரன் யாருக்குப் போட்டான் என்று பெயர் வாரியாகத் தெரிந்துவிடும். வேல்ஸ் பகுதியில் 1868 தேர்தலில் நிலச்சுவான்தாரருக்கு எதிராக ஓட்டுப் போட்ட குத்தகை விவசாயிகளில் பலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஒரு ஓட்டுக்காகப் பரம்பரையாக உழுத நிலம் போயிற்று! என் பின் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்ததற்கே நான் கையைத் தூக்கிவிட்டேன். தெரிந்தே போட்ட அந்த விவசாயிகளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1838-ல் சாசனவாதிகள் என்ற தொழிலாளர் இயக்கம் ஆறு கோரிக்கைகள் வைத்தது. அதில் ஒன்று இரகசிய வாக்கெடுப்பு. உடனே கிடைக்கவில்லை. முதலில் அதைச் செய்தது ஆஸ்திரேலியாவில் இருந்த குடியேற்றங்கள். 1856-ல் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் சட்டம் போட்டன. அரசாங்கமே ஒரே மாதிரி சீட்டு அச்சடித்துக் கொடுக்கும், தனி அறைக்குள் போய்க் குறிக்க வேண்டும். அதனால்தான் இதை ஆஸ்திரேலிய முறை என்று ரொம்ப நாள் சொன்னார்கள். இங்கிலாந்தில் 1872-ல் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 15 அன்று பான்டிஃபிராக்ட் என்ற ஊர் இடைத்தேர்தலில் முதன்முதலாக இரகசிய ஓட்டு நடந்தது. ஓட்டுப் பெட்டியை மூடி முத்திரை வைக்க, அந்த ஊரில் பேர்போன அதிமதுர மிட்டாய்க்கு வைக்கும் அச்சைப் பயன்படுத்தினார்களாம்! அந்தப் பெட்டி இன்னும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை எதிர்த்தவர்கள் எல்லாரும் பண்ணையார்கள் இல்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் பெரிய சிந்தனையாளர், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று பாராளுமன்றத்தில் கேட்டவர். அவரே இரகசிய ஓட்டு வேண்டாம் என்றார். ஓட்டு என்பது ஊருக்காகச் செய்யும் கடமை, அதை மறைத்துச் செய்தால் மனிதன் தன் சுயநலத்துக்குப் போடுவான், நாலு பேர் பார்க்கப் போட்டால்தான் யோசித்துப் போடுவான் என்பது அவர் வாதம். இதை எங்கள் டீச்சரிடம் சொன்னேன். "வாதம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பார்க்கிற நாலு பேர் யாருங்கிறதைப் பொறுத்து இருக்கும்மா" என்றார். அதுதான் சரி என்று படுகிறது. சட்டசபையில் எம்.எல்.ஏ. எதற்குக் கை தூக்கினார் என்று நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும், அவர் நமக்காக அங்கே இருக்கிறார். நம்முடைய கை அவருக்குத் தெரியக் கூடாது.

பெண்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தனிக் கட்டுரையே எழுதலாம். நியூசிலாந்தில் 1893-ல் ஆயிரக்கணக்கான பெண்கள் கையெழுத்துப் போட்ட மனுவை ஒட்டி ஒட்டிச் சுருட்டினால் நீளம் 270 மீட்டர். அதைச் சட்டமன்றத்துக்குள் உருட்டி விரித்தார்கள். அந்த வருடமே ஓட்டுரிமை கிடைத்தது. இந்தியாவில் பெண்களுக்கு முதலில் வழிவிட்ட மாகாணம் நம் சென்னை மாகாணம், 1921-ல். சொத்து உள்ள பெண்களுக்கு மட்டும்தான் என்றாலும் அது ஒரு தொடக்கம். மக்களாட்சிக்குப் பெயர்போன சுவிட்சர்லாந்தில் 1971-ல்தான் தேசியத் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். அங்கே அப்பென்செல் என்ற சின்ன மாநிலத்தில் இன்றும் ஏப்ரல் மாதம் மைதானத்தில் கூடிக் கையைத் தூக்கித்தான் முடிவெடுக்கிறார்கள். ஆண்கள் இடுப்பில் வாளோடு வருவார்கள், அதுதான் ஓட்டுரிமைக்கு அடையாளம். 1990-ல் பெண்களுக்கு ஓட்டுத் தரலாமா என்று கேட்டபோது அத்தனை வாளும் கூடி வேண்டாம் என்றது. அந்த வருடக் கடைசியில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 1991-லிருந்துதான் பெண்கள் அந்த மைதானத்துக்குள் வந்தார்கள். அந்தக் கூட்டத்திலும் ஒன்றிரண்டு அண்ணன் தம்பிகளுக்கு, "நம்ம வீட்டுப் பெண்களும் வரட்டுமே" என்று மனசுக்குள் இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறாரே என்று கை எழும்பாமல் போயிருக்கலாம். இது என் ஊகம்தான்.

ஓட்டு என்ற பெயரை வைத்துக்கொண்டே ஓட்டைக் கொல்லவும் முடியும். ஜெர்மனியில் 1919-ல் நல்ல அரசியல் சட்டம் இருந்தது, ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு இருந்தது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் தலைமை அமைச்சரானார். மார்ச் 23 அன்று பாராளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கும் மசோதா வந்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையில் அல்லது தலைமறைவில். மண்டபத்துக்குள் நாஜிப் படை ஆட்கள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். அந்தப் பார்வைக்கு நடுவே 444 பேர் சரி என்றார்கள். 94 பேர் முடியாது என்றார்கள். அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஓட்டோ வெல்ஸ் என்பவர் எழுந்து எதிர்த்துப் பேசினார். எங்கள் வகுப்பில் தூக்காமல் இருந்த நாலு கைக்கும் இந்த 94-க்கும் ஒப்பிடவே கூடாது. ஆனாலும் படிக்கும்போது ஞாபகம் வந்தது. பிறகு 1938-ல் ஆஸ்திரியாவை இணைப்பதற்கு நடந்த வாக்கெடுப்புச் சீட்டில் "ஆம்" என்பதற்குப் பெரிய வட்டம், "இல்லை" என்பதற்குக் குட்டி வட்டம்! பலர் அதிகாரிகள் கண் முன்னாலேயே குறித்துக் கொடுத்தார்கள், மறைப்புக்குள் போனாலே சந்தேகப்படுவார்களே. ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கு மேல் "ஆம்" வந்தது. யாராவது 99 சதவீதம் என்று பெருமை பேசினால், மறைப்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1951 அக்டோபர் முதல் 1952 வரை நடந்த முதல் பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடி வாக்காளர்கள். பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் படிப்பும் பார்த்து ஓட்டுக் கொடுத்தார்கள். நாம் முதல் தடவையே 21 வயதான எல்லாருக்கும் கொடுத்துவிட்டோம். (1989-லிருந்து 18 வயது.) தேர்தல் ஆணையர் சுகுமார் சென், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம் என்று ஏற்பாடு செய்தார். சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டால் போதும், எழுத வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். ஆனால் ஒரு சங்கடம் வந்தது. நிறையப் பெண்கள் பட்டியலில் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, "இன்னார் மனைவி", "இன்னார் அம்மா" என்றுதான் சொன்னார்கள். பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று சுமார் 28 லட்சம் பேரை நீக்கிவிட்டார்கள். அந்த விஷயத்தில் சென் கண்டிப்பாக இருந்தார். அந்தப் பெண்கள் இழந்தது பெரிதுதான், ஆனால் ஓட்டு என்பது இன்னாருடைய மனைவிக்கு இல்லை, அவளுக்கே உரியது என்று அவர் பிடிவாதமாக நின்றது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மறைப்புக்கு என்ன சக்தி என்று 1977-ல் தெரிந்தது. 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை. தலைவர்கள் சிறையில், பத்திரிகைக்குத் தணிக்கை, தேர்தல் தள்ளிப்போயிற்று. 21 மாதம் வெளிப்படையாகப் பேசப் பயந்திருந்த ஜனங்கள், 1977 மார்ச்சில் மறைப்புக்குள் போய் முத்திரை குத்தினார்கள். பிரதமர் இந்திரா காந்தி தன் சொந்தத் தொகுதியிலேயே 55,000-க்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். தென்மாநிலங்களில் அதே தேர்தலில் அவருடைய அணிதான் வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். நாடு முழுக்க ஒரே மாதிரி யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆட்சி மாறியது, தோற்றவர் இறங்கிப் போனார். 1980-ல் ஜனங்கள் அவரையே திரும்பவும் கொண்டுவந்தார்கள். மிட்டிலினுக்குப் போன இரண்டாவது கப்பல் ஞாபகம் இருக்கிறதல்லவா?

மறைப்பு மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996-ல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பத்து வருடம் அங்கே முறையான தலைவர் வர முடியவில்லை. வேட்புமனு போடவே ஆள் பயந்தார்கள், ஜெயித்தவர்களும் உடனே ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. பெட்டி இருந்தது, சீட்டு இருந்தது, மறைப்பு இருந்தது. நிற்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் செய்த தப்பு, தேர்தலில் நின்று ஜெயித்தது. பாப்பாபட்டி முதலான ஊர்களில் 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. இது ஏதென்ஸ் இல்லை, நம் மாநிலம்.

காசு விஷயம் உங்களுக்கே தெரியும். ஓட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, சாமி படத்தின் முன் சூடம் அடித்துச் சத்தியம் வாங்குவது மறைப்பைத் தாண்டி மனசுக்குள் கை விடுகிற வேலை. இன்னொன்று எனக்குப் புதிதாகத் தெரிந்தது. சீட்டு முறை இருந்தபோது பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. 2004-ல் நாடு முழுக்க இயந்திரம் வந்த பிறகு பூத் வாரியாக எண்ணிக்கை தெரிந்துவிடுகிறது. ஒரு ஆள் யாருக்குப் போட்டார் என்று தெரியாது, ஆனால் ஒரு தெரு யாருக்குப் போட்டது என்று தெரிந்துவிடும். "உங்க தெரு எனக்குப் போடலையே, அப்புறம் ரோடு எப்படி வரும்?" என்று கேட்க முடியும். மொத்தமாகக் கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே யோசனை சொல்லியிருக்கிறது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இதையெல்லாம் எழுதி டீச்சரிடம் காட்டினேன். அவர் தலைமையாசிரியர் ஐயாவிடம் காட்டினார். வரும் திங்கட்கிழமை நடக்கும் எஸ்.பி.எல். தேர்தல் கை தூக்கி நடக்காது. ஐயா ஒப்புக்கொண்டுவிட்டார். ஏற்பாடு இதுதான், எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள்:

நூலக அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே போக வேண்டும். சீட்டில் நாலு சின்னம் அச்சில் இருக்கும், ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்குப் பெயர் எழுத வேண்டிய கவலை இல்லை. பென்சில் அங்கேயே இருக்கும், எல்லாருக்கும் ஒரே பென்சில். சொந்தப் பேனாவால் குறித்தால் செல்லாது, மையின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாக மடித்துப் பெட்டியில் போடுங்கள். எல்லா வகுப்புச் சீட்டுகளையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலந்துதான் எண்ணுவோம். எண்ணுகிறவர்கள் கையை விரித்துக் காட்டிவிட்டு எண்ண வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன், எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் சரி என்றுவிட்டார்கள்.

என் தோழியும் நிற்கிறாள். இந்தக் கட்டுரையை ஒட்டுவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். "இந்தத் தடவை யாருக்குப் போடுவே?" என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி